ஈஸார்: சஹனில் பெரிய துண்டு எந்தப் பக்கம் போகிறது?

கொழும்பு முஸ்லிம் வீடுகளில் விருந்து பரிமாறும் பெரிய வட்டத் தட்டுக்கு சஹன் என்று பெயர். ஆறு பேர் அதைச் சுற்றி அமர்ந்து ஒரே தட்டில் உண்பார்கள். நெய்ச்சோறு குவிந்திருக்கும். மேலே பொரித்த கோழி, ஓரங்களில் கத்தரிக்காய் மோஜு, மலாய் அச்சாறு. அவரவர் தமக்கு முன்னால் இருக்கும் சோற்றில்தான் கைவைக்க வேண்டும் என்பது நபிவழி ஒழுங்கு. நடுவில் இருக்கும் கோழிக்கு மட்டும் சொந்தக்காரர் கிடையாது. யாராவது ஒருவர் அதைப் பிய்த்து ஆறு பக்கமும் வைக்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் தெமட்டகொடையில் ஒரு திருமண விருந்தில் அந்தப் பொறுப்பு என் கைக்கு வந்தது. மற்ற ஐந்து பேரும் முன்பின் தெரியாதவர்கள். பிய்த்துக்கொண்டிருக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். எந்தத் துண்டு யாருக்கு என்று யோசிக்கத் தொடங்கும் முன்பே, நல்ல தொடைத் துண்டு ஒன்று என் பக்கமாக நகர்ந்திருந்தது. நான் எதையும் தீர்மானிக்கவில்லை. விரல்கள் தீர்மானித்துவிட்டன.

எதிரே ஒரு பெரியவர் இருந்தார். அவருக்கு அருகில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் கூச்சத்தோடு வெறுஞ்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். பெரியவர் தமக்கு முன்னால் நான் வைத்த துண்டை இரண்டு விரல்களால் சோற்றின் மேலாகவே மெல்லத் தள்ளி, பையனின் பக்கம் சேர்த்தார். தள்ளும்போதே, "மகன், இந்த வருடம்தான் சாதாரண தரப் பரீட்சையா?" என்று கேட்டார். பையன் நிமிர்ந்து பதில் சொல்லிவிட்டுக் குனிந்தபோது துண்டு அவன் முன்னால் இருந்தது. எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியாது.

என் விரல்கள் செய்ததற்கும் அவர் விரல்கள் செய்ததற்கும் ஸூபிகளிடம் தனித்தனிப் பெயர்கள் உண்டு. என் விரல்களை இழுத்தது நப்ஸ். அவர் செய்தது ஈஸார். இந்த இரண்டு சொற்களையும் புரிந்துகொண்டால், அன்பு, கருணை, தன்னலமின்மை என்று நாம் பொதுவாகப் பேசும் விடயங்களைப் பற்றி ஸூபிகள் உண்மையில் என்ன சொன்னார்கள் என்பது விளங்கிவிடும்.

முதலில், ஸூபி வழி என்பது என்ன?

ஸூபி என்ற சொல்லைக் கேட்டவுடன் பலருக்கு நினைவுக்கு வருவது மூன்று விடயங்கள்: வெள்ளை அங்கியோடு சுழன்று ஆடுபவர்கள், காலை வணக்கத்தோடு கைத்தொலைபேசிக்கு வந்து சேரும் ரூமியின் பெயரிட்ட பொன்மொழிகள், தர்காவில் ஓதிக் கட்டும் நூல். மூன்றுக்கும் ஸூபி மரபோடு ஏதோ ஒரு தொடர்பு இருக்கலாம். ஆனால் ஒரு வீட்டின் வாசற்கதவின் வண்ணத்தை மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்காரரைத் தெரியும் என்று சொல்வது போன்றது அது.

'ஸூப்' என்றால் அரபியில் கம்பளி. எளிய கம்பளி ஆடை அணிந்த துறவு மனத்தினரைக் குறிக்க அந்தச் சொல் வந்தது என்பதே பரவலாக ஏற்கப்படும் விளக்கம். அவர்களின் கல்விக்குத் தஸவ்வுப் என்று பெயர்: இஸ்லாத்தின் வணக்கங்களோடும் சட்டங்களோடும் நின்றுவிடாமல், உள்ளத்தைப் பழக்கித் தூய்மைப்படுத்தும் துறை. 'பழக்கி' என்ற சொல்லைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். இது ஓர் உணர்ச்சியோ தத்துவமோ என்று நினைப்பவர்கள் பலர். ஸூபிகளைப் பொறுத்தவரை இது நீச்சலைப் போல, தையலைப் போல, செய்து செய்து வரவேண்டிய ஒன்று.

சுழன்று ஆடுபவர்களையே எடுத்துக்கொள்ளலாம். அவர்கள் மௌலவிய்யா தரீக்காவைச் சேர்ந்தவர்கள். தரீக்கா என்றால் ஓர் ஆசிரியரின் வழிவந்த பயிற்சி மரபு. 1273இல் கொன்யாவில் மறைந்த ஜலாலுத்தீன் ரூமியின் வழிவந்தது இது. அங்கே தர்வேஷாக, அதாவது அந்த வழியின் சீடராகச் சேர விரும்பியவர் முதலில் எங்கே அனுப்பப்பட்டார் தெரியுமா? சமையற்கட்டுக்கு. 1001 நாட்கள் பாத்திரம் கழுவி, விறகு சுமந்து, பிறர் உண்ட இடத்தைத் துடைக்க வேண்டும். இடையில் விட்டுவிட்டுப் போனால் மீண்டும் முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். சுழற்சியைப் படம் பிடித்தவர்கள் ஆயிரம் பேர். அந்தச் சமையற்கட்டைப் பற்றிப் பேசியவர்கள் மிகக் குறைவு.

நம் ஊரிலும் இதே கதைதான். கொழும்பு நகர மண்டபத்துக்கு அருகில், லிப்டன் சுற்றுவட்டத்தைப் பார்த்தபடி தெவட்டகஹ பள்ளிவாசல் இருக்கிறது. ஷெய்கு உஸ்மான் வலியுல்லாஹ் என்ற இறைநேசர் அங்கே அடங்கியிருக்கிறார். ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன் எண்ணெய் விற்கும் ஒரு சிங்களப் பெண் அங்கிருந்த மரத்தின் வேரில் தடுக்கி விழுந்தாள், பானை உடைந்தது, அன்றைய பிழைப்பு மண்ணில் ஓடியதைப் பார்த்து அழுதாள், அப்போது ஒரு குரல் அவளைத் தேற்றிப் புதிய பானை கொண்டுவரச் சொன்னது, மண்ணிலிருந்து எண்ணெய் ஊறியது என்பது அந்த இடத்தின் வரலாறாகச் சொல்லப்படும் கதை. கேட்பவர்கள் எண்ணெய் ஊறியதைப் பற்றித்தான் வியந்து பேசுவார்கள். எனக்கு அதற்கு முந்திய கணம் பெரிதாகத் தெரிகிறது. ஓர் ஏழைப் பெண், வேறு மொழி, வேறு மதம். அவளுடைய அழுகை காதில் விழுந்தது. அற்புதத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். காதில் விழவேண்டும் என்பதைத்தான் ஸூபிகள் பயிற்சியாக்கினார்கள்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான். தஸவ்வுப் என்பது உள்ளத்தைப் பழக்கும் கல்வி. அதன் பாடசாலை பெரும்பாலும் சமையற்கட்டு. இனி, எதைப் பழக்குகிறார்கள் என்று பார்ப்போம்.

நப்ஸ்: உள்ளே இருக்கும் கணக்கப்பிள்ளை

தோட்டத்தில் கணக்கப்பிள்ளை என்று ஒருவர் இருப்பார். யார் எத்தனை கிலோ கொழுந்து பறித்தார், யாருக்கு எவ்வளவு பெயர் போட வேண்டும் என்று எல்லாம் அவருடைய கொப்பியில் இருக்கும். நமக்குள்ளும் அப்படி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வித்தியாசம்: நம் கணக்கப்பிள்ளை எதை எடுத்தாலும் நம் பெயரிலேயே வரவு வைப்பார். செலவு எப்போதும் அடுத்தவர் கணக்கில்.

மாலை ஆறு மணிக்குப் புறக்கோட்டையிலிருந்து காலி வீதி வழியாகப் போகும் 100ஆம் இலக்க பஸ்ஸில் அவரை நேரில் காணலாம். கொள்ளுப்பிட்டியில் வயதான பெண் ஒருவர் கையில் மருந்துப் பையோடு ஏறுகிறார். நமக்கு இருக்கை இருக்கிறது. அந்த நொடியில் உள்ளே என்ன நடக்கிறது என்று கவனித்தால், கணக்கப்பிள்ளை எழுதும் சத்தம் கேட்கும். 'நான் காலையிலிருந்து நின்ற வேலை.' 'முன் இருக்கைக்காரர் என்னைவிட இளையவர், அவர் எழும்பட்டும்.' 'பம்பலப்பிட்டியில் பாதிப் பேர் இறங்கிவிடுவார்கள்.' எல்லாமே உண்மையான காரணங்கள். ஒன்றுகூடப் பொய் இல்லை. அதுதான் அவருடைய திறமை. அதற்குள் பார்வை யன்னலுக்கு வெளியே போய்விடும்.

இந்தக் கணக்கப்பிள்ளையைத்தான் ஸூபிகள் நப்ஸ் என்றார்கள். அரபியில் அந்தச் சொல்லுக்கு 'தான்', 'ஆன்மா' என்று பொதுவான பொருளும் உண்டு. தஸவ்வுபில் அது பெரும்பாலும் 'எனக்கு, எனக்கு' என்று இழுக்கும் அந்தத் தானைக் குறிக்கும். நப்ஸ் ஒரு பேய் இல்லை. அதைக் கொன்றுவிடவும் முடியாது. பசி எடுத்தால் உண்ணச் சொல்வதும் அதுதான். பழகாத குதிரை என்று பல ஸூபிகள் அதை உவமித்தார்கள். குதிரையைக் கொல்பவன் பயணம் போக முடியாது. அதன் இழுப்புக்கு விட்டுவிடுபவனும் தான் நினைத்த ஊருக்குப் போய்ச்சேர மாட்டான்.

குர்ஆனில் நப்ஸின் மூன்று நிலைகள் வருகின்றன. தீமைக்குத் தூண்டும் நிலை, அம்மாரா. தன்னைத்தானே குற்றம் சொல்லும் நிலை, லவ்வாமா. அமைதி அடைந்த நிலை, முத்மஇன்னா. பஸ்ஸில் யன்னலைப் பார்த்தபோது இருந்தது முதல் நிலை. வெள்ளவத்தையில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது, 'எழும்பியிருக்கலாமே' என்று ஒன்று குத்துகிறதே, அது இரண்டாவது. அந்தக் குத்தலைப் பலர் வெறும் மனச்சோர்வு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஸூபிகளுக்கு அது நல்ல செய்தி. குதிரைக்குக் கடிவாளம் போட முடியும் என்பதற்கு அதுவே அடையாளம். மூன்றாவது நிலையைப் பற்றி என்னைப் போன்றவர் பேசுவதற்கு அதிகம் இல்லை.

ஈஸார்: தனக்கே வேண்டியதைக் கொடுப்பது

2022இல் கொழும்பில் பால்மா கிடைக்காமல் கடை கடையாக அலைந்த நாட்கள் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதை வைத்து விளக்குவது எளிது. ஒருவரிடம் பத்துப் பக்கெட் பால்மா இருக்கிறது, ஒன்றைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கிறார் என்றால் அது நல்ல குணம். ஒன்பதைக் கொடுத்துவிட்டு ஒன்றை வைத்துக்கொள்கிறார் என்றால் அது பெரிய மனம். இருப்பதே ஒன்றுதான், அடுத்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, அதைக் கொடுத்துவிட்டுத் தான் வெறும் தேநீர் குடிக்கிறார் என்றால் அதற்குப் பெயர் ஈஸார்.

இந்த மூன்று படிகளும் என் கற்பனை இல்லை. ஈரானின் நிஷாபூரைச் சேர்ந்த இமாம் குஷைரி 11ஆம் நூற்றாண்டில் எழுதிய ஸூபி கையேட்டில், தம் ஆசிரியர் அபூ அலீ அத்தக்காக்கின் விளக்கமாக இதைப் பதிவு செய்திருக்கிறார். சிறிது கொடுத்துப் பெரும்பகுதியை வைத்துக்கொள்வது ஸகா. பெரும்பகுதியைக் கொடுத்துச் சிறிது வைத்துக்கொள்வது ஜூத். தான் இன்னலைத் தாங்கிக்கொண்டு, தனக்கே தேவையானதில் பிறரை முற்படுத்துவது ஈஸார். முதல் இரண்டு சொற்களையும் மறந்துவிட்டாலும் பரவாயில்லை. ஈஸார் என்பதன் நேர்ப்பொருள் 'முற்படுத்துதல்' என்பதை மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.

இதன் வேர் மதீனாவில் இருக்கிறது. மக்காவிலிருந்து கையில் எதுவுமின்றி வந்து சேர்ந்தவர்களை மதீனாவாசிகள் தம் வீடுகளில் ஏற்றுக்கொண்டார்கள். அவர்களைக் குறித்துத்தான் குர்ஆனின் 59ஆவது அத்தியாயம், தமக்குத் தேவை இருந்தும் தம்மைவிடப் பிறரை முற்படுத்துகிறார்கள் என்று புகழ்கிறது. அந்தக் காலத்துச் செய்தியாக ஸூபிகள் விரும்பிச் சொல்லும் ஒன்று உண்டு. நபித்தோழர் ஒருவருக்கு ஆட்டுத்தலை ஒன்று அன்பளிப்பாக வந்தது. இன்ன சகோதரர் வீட்டில் என்னைவிடத் தேவை அதிகம் என்று அவர் அதை அனுப்பி வைத்தார். அந்தச் சகோதரரும் அதை இன்னொருவருக்கு அனுப்பினார். இப்படி ஏழு வீடுகள் சுற்றி ஆட்டுத்தலை முதல் வீட்டுக்கே திரும்பி வந்தது.

சிறுவயதில் இதைக் கேட்டபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. கடைசியில் யாரும் சாப்பிடவில்லையே என்று உம்மும்மாவிடம், அதாவது என் பாட்டியிடம், கேட்டேன். "ஏழு வீட்டிலும் அன்றைக்கு அடுத்த வீட்டைப் பற்றி நினைத்தார்களே, அது பசி ஆறியது மாதிரித்தான் மகன்" என்றார். அவர் நோன்புக் காலத்தில் கஞ்சியைத் தூக்குச்சட்டியில் ஊற்றி என்னிடம் கொடுத்தனுப்புவார். பக்கத்து வீட்டு ஆன்ட்டி சைவக்காரர் என்பதால் அவருக்கு இறைச்சி போடாத கஞ்சி தனியாக. சட்டி வெறுமையாகத் திரும்பி வந்ததே இல்லை. அடியில் நான்கு மாம்பழமாவது இருக்கும், பொங்கல் நாளென்றால் சர்க்கரைப் பொங்கல்.

இனி, ஈஸாரைப் பற்றிப் பேசும் எவரும் தவிர்க்க முடியாத ஒருவரிடம் வருவோம். அபுல் ஹுஸைன் அந்நூரி, 9ஆம் நூற்றாண்டுப் பக்தாதில் வாழ்ந்தவர், 907இல் மறைந்தவர். ஸூபிகள் மதவிரோதிகள் என்று ஒருவர் முஸ்லிம் பேரரசின் ஆட்சியாளரான கலீபாவிடம் குற்றம் சாட்டினார். நூரியும் அவருடைய தோழர்களும் பிடிக்கப்பட்டு மரண தண்டனைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். கொலையாளி வாளோடு முதலில் ஒரு தோழரை நெருங்கினான். நூரி எழுந்து போய் அவருடைய இடத்தில் நின்றார். வாள் இத்தனை ஆவலோடு தேடிப்போக வேண்டிய பொருளா, உன் முறை இன்னும் வரவில்லையே என்று கொலையாளி கேட்டான். நூரி சொன்ன பதிலின் கருத்து இது: என்னுடைய வழி ஈஸாரின் மீது நிற்கிறது. உலகில் மிக மதிப்புள்ளது உயிர். மிஞ்சியிருக்கும் சில நொடிகளை என் சகோதரர்களுக்குக் கொடுக்க விரும்புகிறேன். செய்தி கலீபாவுக்குப் போனது, தண்டனை நிறுத்தப்பட்டது. விசாரித்த நீதிபதி, இவர்கள் மதவிரோதிகள் என்றால் பூமியில் இறைநம்பிக்கையாளர் என்று ஒருவரும் இல்லை என்று சொல்லிவிட்டார். லாகூரில் அடங்கியிருக்கும் ஸூபி அறிஞர் ஹுஜ்வீரி, ஈஸாரை விளக்கும்போது இந்த நிகழ்ச்சியைத்தான் எடுத்துச் சொல்கிறார்.

இந்தக் கதையைக் கேட்பவர்கள் உடனே இரண்டடி பின்வாங்குவார்கள். 'அது மகான்களுக்கு, நமக்கு இல்லை' என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நூரி கொடுக்க முன்வந்தது எவ்வளவு என்று நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். சில நொடிகள். தோழர்கள் எப்படியும் சாகப்போகிறார்கள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். ஒரு மனிதன் அடுத்தவன் இன்னும் சற்று நேரம் மூச்சுவிடட்டும் என்று விரும்பினான், அவ்வளவுதான். அதே நொடிகளைத்தான் நாம் பொரளைச் சந்தியில், பாதசாரிக் கடவையில் கால் வைத்துவிட்ட ஒருவருக்குக் கொடுக்க மறுத்து ஹோர்ன் அடிக்கிறோம். நம் உயிரை யாரும் கேட்கவில்லை.

இதுவரை: நப்ஸ் தன் பக்கம் இழுக்கும் இழுப்பு. ஈஸார், அந்த இழுப்பு தெரிந்த பிறகும் அடுத்தவரை முற்படுத்துவது. தேவையில்லாத பழைய சட்டையைக் கொடுப்பது நல்ல காரியம்தான், ஆனால் அதில் இழுப்பு இல்லை. ஆகவே நப்ஸுக்கு அதில் பயிற்சியும் இல்லை.

ஈஸார் எது இல்லை

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. ஈஸார் என்றால் யார் எதைக் கேட்டாலும் தலையாட்டுவது, தன்னை அழித்துக்கொள்வது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள்.

நபித்தோழர் அபூதர்தா பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்று இருந்தார். வீட்டையும் மனைவியையும் கவனிக்கவில்லை. அவருடைய நண்பர் ஸல்மான் பார்ஸி விருந்தாளியாக வந்தார். நிலைமையைப் பார்த்து, நீங்கள் உண்ணாமல் நான் உண்ண மாட்டேன் என்று அவரை உண்ண வைத்தார். இரவில் தொழ எழுந்தவரைத் தூங்கச் சொன்னார். இறைவனுக்கு உங்கள் மீது உரிமை உண்டு, உங்கள் நப்ஸுக்கும் உரிமை உண்டு, குடும்பத்துக்கும் உரிமை உண்டு, உரியவருக்கு உரியதைக் கொடுங்கள் என்றார். நபிகள் நாயகம் கேள்விப்பட்டு, ஸல்மான் சொன்னது சரி என்றார்கள்.

ஆகவே, பிள்ளையின் பாடசாலைக் கட்டணத்தை எடுத்து நண்பருக்குக் கொடுப்பது ஈஸார் ஆகாது. அது பிள்ளையின் பணம். கடன்காரருக்குத் திருப்ப வேண்டியதைத் தானம் செய்வதும் அப்படித்தான். நம்முடைய பங்கை மட்டுமே நாம் விட்டுக்கொடுக்க முடியும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதுவதில் பொருளே இல்லை. நம் வீடுகளில் கடைசியாகச் சாப்பிடுபவர்கள் யார்? மீனின் வால் துண்டு யாருக்கு? அதைத் தியாகம், பொறுமை என்று போற்றிப் பேசிவிட்டு நடுத்துண்டை எடுத்துக்கொள்பவர்கள் யார்? ஈஸார் ஒருவர் தாமாக விரும்பிச் செய்வது. அதை மனைவியிடம், மருமகளிடம், வேலைக்கு வரும் பெண்ணிடம், கீழே வேலை செய்பவரிடம் எதிர்பார்க்கத் தொடங்கிய கணத்திலேயே அது ஈஸார் என்ற பெயரை இழந்துவிடும். பிறகு அது பறிப்பு. தன்னலமின்மையை அடுத்தவருக்கு உபதேசிக்கும் குரலைக் கேட்கும்போதெல்லாம், அந்த உபதேசத்தால் யாருடைய தட்டு நிறைகிறது என்று பார்ப்பது நல்லது.

நல்ல செயலையும் தின்னும் பசி

நப்ஸ் தோற்றுப்போனால் சும்மா இருக்காது. துண்டைக் கொடுத்துவிட்டீர்களா? சரி, கொடுத்த பெருமையையாவது எனக்குத் தாருங்கள் என்று கேட்கும். பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காக நல்லது செய்வதற்கு ரியா என்று பெயர். முஸ்லிம்களின் தமிழ் வழக்கில் முகஸ்துதி. 1111இல் மறைந்த இமாம் கஸாலி உள்ளத்தின் நோய்களை விளக்கும்போது இதற்கு நீண்ட இடம் ஒதுக்கியிருக்கிறார்.

வெள்ளம் வந்தாலும் நோய் வந்தாலும் கொழும்பில் உலர் உணவுப் பொதி வழங்குவார்கள். வழங்குபவர்களின் கைகள் வாழட்டும். ஆனால் ஒருமுறை ஒரு தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் பொதியை வாங்கிய பெண்ணைப் படம் எடுப்பதற்காக, "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கள் அம்மா" என்று இரண்டு தடவை சொன்னதைப் பார்த்தேன். அவர் முந்தானையை முகத்துக்கு அருகில் இழுத்துக்கொண்டே திரும்பினார். அரிசியும் பருப்பும் அவருக்குக் கிடைத்தன. அதற்கு அவர் ஒரு விலை கொடுத்துவிட்டுத்தான் போனார்.

கர்பலாப் போர்க்களத்தில் உயிர்தப்பிய நபியின் கொள்ளுப்பேரர் ஸைனுல் ஆபிதீன், மதீனாவில் இரவில் மாவு மூட்டையைத் தம் முதுகில் சுமந்துபோய் ஏழைகளின் வாசலில் வைப்பார் என்று சொல்வார்கள். யார் கொடுக்கிறார் என்று வாங்குபவர்களுக்குத் தெரியாது. அவர் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்தபோது, உடலைக் குளிப்பாட்டியவர்கள் முதுகில் கறுத்த தழும்புகளைக் கண்டார்கள். அந்த இரவுகளிலிருந்து வாசல்களுக்கு மூட்டை வருவது நின்றது. அப்போதுதான் ஊருக்கு விளங்கியது. நிஷாபூரில் 9ஆம் நூற்றாண்டில் மலாமத்திய்யா என்று ஒரு கூட்டமே இருந்தது. நற்செயலை மறைப்பதுதான் அவர்களுடைய முதல் பாடம்.

சஹனில் இருந்த பெரியவர் பரீட்சையைப் பற்றி ஏன் கேட்டார் என்பது எனக்கு அன்று வீடு திரும்பும் வழியில்தான் விளங்கியது. பையன் நன்றி சொல்ல வேண்டிய நிலைக்கு ஆளாகக்கூடாது என்பதற்காக. கூச்சத்தில் இருந்த பிள்ளைக்கு இறைச்சியோடு இன்னொரு கூச்சத்தையும் கொடுக்காமல் இருந்தார்.

பழகுவது எப்படி?

ஸூபிகள் இதற்கு இரண்டு எளிய கருவிகளை வைத்திருந்தார்கள். ஒன்று கித்மத், அதாவது பணிவிடை. நக்ஷபந்தி தரீக்காவின் பெயருக்குக் காரணமான பஹாவுத்தீன் நக்ஷபந்த், 1389இல் மறைந்தவர், தம் ஆசிரியரின் சொல்லை ஏற்று முதலில் நலிந்த மனிதர்களுக்கும், பிறகு பல ஆண்டுகள் விலங்குகளுக்கும், அதன்பின் பாதைகளுக்கும் பணிவிடை செய்தார் என்று அந்த மரபு சொல்கிறது. நாயின் புண்ணுக்கு மருந்திட்டார், வழியில் கிடந்த கல்லையும் முள்ளையும் அகற்றினார். நாய்க்கும் பாதைக்கும் நன்றி சொல்லத் தெரியாது, அதனால்தான் அந்தப் பாடம். நம் காலத்தில், யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் தமிழிலேயே போதித்து, 1971இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவுக்குப் போய், 1986இல் அங்கே மறைந்த பாவா முஹையத்தீன், தம்மைத் தேடி வந்தவர்களுக்குத் தாமே சமைத்துப் போட்டார். மீண்டும் சமையற்கட்டு.

மற்றக் கருவி முஹாஸபா, தன்னைத்தானே கணக்குக் கேட்பது. 857இல் மறைந்த ஹாரிஸ் அல்முஹாஸிபிக்கு அந்தப் பெயரே இதனால்தான் வந்தது. தூங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் போதும். இன்று எந்த இடத்தில் கை என் பக்கம் இழுத்தது? எந்தக் காரணத்தைச் சொல்லி இழுத்தது? திட்டிக்கொள்ள வேண்டாம், பார்த்தால் போதும். கணக்கப்பிள்ளைக்கு மேலே ஒரு கணக்காய்வாளர் இருக்கிறார் என்று தெரிந்துவிட்டால் அவருடைய எழுத்து கொஞ்சம் கொஞ்சமாகத் திருந்தும்.

தொடங்குபவர்கள் பெரிதாக எதையும் தேட வேண்டியதில்லை. தொடர்மாடி மின்தூக்கியை இன்னொருவர் ஓடிவரும் வரை பிடித்து வைப்பது, முச்சக்கர வண்டிக்காரரிடம் இருபது ரூபாவுக்காகப் பேரம் பேசும் நாக்கை ஒருமுறை அடக்குவது, வாக்குவாதத்தில் கடைசிச் சொல்லை அடுத்தவருக்கு விட்டுவிடுவது. கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு மிகக் கடினம். ஒரு நாளைக்கு ஒன்று, இழுப்பு தெரியும் இடத்தில். செய்ததை யாரிடமும் சொல்லாமல் இருப்பது அந்தப் பயிற்சியின் மறுபாதி.

நுணுக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு குஷைரி சொல்லும் ஒரு சம்பவம் உண்டு. விருந்தாளிகள் காத்திருக்கிறார்கள். உணவு விரிப்பைக் கொண்டுவரும்படி வீட்டுக்காரர் பணியாளரை அழைக்கிறார். அவர் வரவில்லை. மீண்டும் மீண்டும் அழைக்கிறார். நெடுநேரம் கழித்து வந்தவரிடம் காரணம் கேட்டபோது, விரிப்பில் எறும்புகள் இருந்தன என்றார். எறும்போடு விருந்தாளிகள் முன் விரிப்பது மரியாதை ஆகாது. எறும்புகளை உதறி எறிவது பெருந்தன்மை ஆகாது. ஆகவே அவை தாமாக இறங்கிப் போகும்வரை நின்றேன் என்றார்.

கடந்த மாதம் மருதானையில் ஒரு வலீமா, அதாவது மணமகன் தரப்புத் திருமண விருந்து. கோழியைப் பிய்க்கும் பொறுப்பு மறுபடியும் என் கைக்கு வந்தது. தொடைத் துண்டு எந்தப் பக்கம் போக விரும்பியது என்று பார்த்தேன், பழைய பக்கம்தான். அதை இடப்புறம் இருந்தவரின் முன்னால் வைத்தேன். வைத்த அதே நொடியில் உள்ளே பேனா எழுதத் தொடங்கும் சத்தம் கேட்டது. நான் அவரிடம் அச்சாறைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்தச் சொன்னேன்.